பந்திக்கு முந்தி, படைக்குப் பிந்தும் நாடா லக்சம்பர்க்?

கேள்வி இதுதான்: லக்சம்பர்க் ராணுவத்தில் ஏறக்குறைய ஆயிரம் பேர்தான் இருக்கிறார்கள். போர் விமானம் கிடையாது, டாங்கி கிடையாது, கடற்கரையே கிடையாது. தலைக்கு வருமானம் என்று பார்த்தால் உலகின் முதல் வரிசை. நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்துகொண்டு, அண்டை வீட்டார் காவலில் நிம்மதியாகத் தூங்கும் நாடுதானே அது? இப்போது "நாங்களும் 2 சதவீதம் செலவழிக்கிறோம்" என்று சொல்வதும் கணக்கை வளைத்துத்தானே?

இதைப் பத்து ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் மறுபேச்சின்றித் தலையாட்டியிருப்பேன். 2014-இல் நேட்டோ நாடுகள் வேல்ஸில் கூடி, உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்கும் இலக்கை நோக்கி நகர்வோம் என்று சொன்னபோது, லக்சம்பர்க்கின் செலவு 0.4 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ராணுவமே வைத்துக்கொள்ளாத ஐஸ்லாந்தை விட்டுவிட்டால் பட்டியலின் கடைசிப் பெயர் அதுதான். இன்று நிலைமை வேறு. கணக்கு வளைக்கப்பட்டது என்பதில் பாதி உண்மை இருக்கிறது. அந்த வளைவுக்கு நியாயமும் இருக்கிறது. ஆனால் இதையெல்லாம்விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அந்த நாட்டுக்குப் பணம் பெரிய பிரச்சினை அல்ல, ஆள்தான் பிரச்சினை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பிரான்ஸின் தியோன்வில் நகரில் குடியிருக்கும் ஒரு வங்கி ஊழியரை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ரயிலேறி எல்லையைக் கடந்து லக்சம்பர்க் நகரத்து வங்கியில் வேலை பார்க்கிறார். மாலையில் வீடு திரும்புகிறார். அவர் உழைப்பில் உண்டாகும் மதிப்பு முழுவதும் லக்சம்பர்க்கின் உள்நாட்டு உற்பத்தியில் ஏறிவிடும். அவர் வாங்கும் சம்பளமோ அவரோடு ரயிலேறி பிரான்ஸுக்குப் போய்விடும். இப்படி பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளிலிருந்தும் தினமும் வந்து போகிறவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். நாட்டின் மக்கள்தொகையே ஏழு லட்சத்துக்குக் கீழ் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இதற்கு மேல், அங்கே பதிவுசெய்துகொண்ட வெளிநாட்டு நிதி நிறுவனங்களின் லாபமும் காகிதத்தில் ஒரு நாள் தங்கிவிட்டு வேறு நாட்டுக்குக் கிளம்பிவிடுகிறது. ஆகவே உள்நாட்டு உற்பத்தி ஊதிப் பெரிதாகத் தெரியும். நாட்டவர் கையில் உண்மையில் தங்கும் தொகை, அதாவது மொத்த தேசிய வருமானம், அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான்.

எனவே லக்சம்பர்க் தன் பங்கைத் தேசிய வருமானத்தை வைத்துக் கணக்கிடுகிறது. கூட்டாளிகளும் அதை ஏற்றுக்கொண்டார்கள். 2030-க்குள் அதில் 2 சதவீதம் என்று முதலில் கெடு வைத்தார்கள். 2025 மே மாதம் பிரதமர் லூக் ஃப்ரீடன் அந்தக் கெடுவை அதே ஆண்டின் முடிவுக்கு இழுத்தார். தொகை சுமார் 118 கோடி யூரோ. நாட்டில் குடியிருக்கும் தலைகளால் வகுத்தால் ஆளுக்கு ஏறக்குறைய 1,700 யூரோ வருகிறது. பெரிய நாடுகள் பலவும் தலைக்கு இந்த அளவு செலவழிப்பதில்லை. சதவீதத்தில் கடைசி, தலைக்கணக்கில் முன்வரிசை என்ற இந்த விநோதம் தெரியாமல் அந்த நாட்டைக் கஞ்சன் என்று சொல்லிவிடக்கூடாது. அதே சமயம், நல்ல அளவுகோல் கிடைத்ததும் அதைப் பிடித்துக்கொள்ளும் சாமர்த்தியம் அவர்களிடம் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வங்கித் தொழிலில் வளர்ந்த நாடு, வேறென்ன எதிர்பார்ப்பது?

இனி ஆள் பிரச்சினை. 118 கோடியை ஆயிரம் சிப்பாய்களால் வகுத்துப் பாருங்கள். தலைக்குப் பதினோரு லட்சத்து எண்பதாயிரம் யூரோ வரும். எந்த ராணுவமும் ஒரு சிப்பாய்க்குப் பின்னால் இவ்வளவு பணத்தை உருப்படியாகச் செலவழிக்க முடியாது. சம்பளம், துப்பாக்கி, வண்டி, முகாம் என்று எல்லாம் கொடுத்த பிறகும் பை நிறையப் பணம் மிச்சமிருக்கும். அந்தப் பணம் எங்கே போகிறது என்பதுதான் இந்தக் கதையின் சுவையான பகுதி. அதற்கு முன், இந்த நாடு ஏன் இப்படி ஆனது என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை தேவை.

லக்சம்பர்க் ஒரு காலத்தில் ஐரோப்பாவின் மிகப் பலமான கோட்டைகளில் ஒன்று. பாறையைக் குடைந்து கிலோமீட்டர் கணக்கில் சுரங்கங்கள். "வடக்கின் ஜிப்ரால்டர்" என்று பட்டப்பெயர். அந்தப் பலமே வினையாயிற்று. மூன்றாம் நெப்போலியன் அதை விலைக்கு வாங்கப் பார்க்க, உள்ளே காவல்படை வைத்திருந்த ஜெர்மானிய அரசான பிரஷ்யா முறைக்க, போர் மூளும் நிலை வந்தது. 1867-இல் லண்டனில் உடன்படிக்கை எழுதி, நாட்டை நிரந்தர நடுநிலை நாடாக்கி, கோட்டையை இடித்துத் தள்ளச் சொன்னார்கள். இடித்து முடிக்க 1883 வரை ஆயிற்று. உள்ளூர் ஒழுங்கைக் காக்கும் அளவுக்குச் சிறு படை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வல்லரசுகளின் கையெழுத்துதான் இனி மதில்.

அந்த மதில் 1914-இல் ஒரு முறை சரிந்தது. 1940 மே 10-ஆம் தேதி மறுபடியும் சரிந்தது. இரண்டாம் முறை ஜெர்மானியப் படை நாட்டைப் பிடிக்க ஒரே நாள் போதுமானதாக இருந்தது. நாட்டின் அரசியான கிராண்ட் டச்சஸ் ஷார்லட் அரசாங்கத்தோடு வெளிநாட்டில் தஞ்சம் புகுந்தார். 1942 ஆகஸ்டில் லக்சம்பர்க் இளைஞர்களை ஜெர்மானிய ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்க்கும் ஆணை வந்ததும் நாடு வேலைநிறுத்தத்தில் இறங்கியது. 21 பேரைக் கொன்றார்கள். சுமார் 10,000 இளைஞர்கள் தங்கள் நாட்டைப் பிடித்தவனின் சீருடையை மாட்டிக்கொண்டு போர்முனைக்குப் போக நேர்ந்தது. தப்பியவர்களில் சிலர் பிரிட்டனில் பெல்ஜியத்தின் பிரோன் படையணியில் சேர்ந்து ஒரு பீரங்கிப் பிரிவாக இயங்கினார்கள். அவர்களிடம் இருந்த நான்கு பீரங்கிகளுக்கும் ஷார்லட்டின் மகள்கள் நால்வரின் பெயரை வைத்திருந்தார்கள். எலிசபெத், மரீ அடெலேயிட், மரீ கப்ரியேல், அலிக்ஸ் என்ற நான்கு இளவரசிகளும் குண்டு வீசிக்கொண்டே ஐரோப்பாவுக்குத் திரும்பினார்கள்.

போர் முடிந்ததும் நடுநிலையை மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். 1948-இல் அரசியல் சட்டத்திலிருந்தே அந்தச் சொல்லை எடுத்தார்கள். மறு ஆண்டு நேட்டோவைத் தொடங்கிய 12 நாடுகளில் ஒன்றானார்கள். கட்டாய ராணுவ சேவை 1944-இல் வந்தது. கொரியப் போருக்கு 80-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் பெல்ஜிய பட்டாலியனுக்குள் ஒரு பிரிவாகப் போனார்கள், இருவர் திரும்பவில்லை. 1967-இல் கட்டாய சேவையை ரத்துசெய்தார்கள். அன்றிலிருந்து விரும்பி வருகிறவர்களை வைத்துத்தான் ராணுவம். டீகிர்ஷ் நகருக்கு மேலே ஹெரன்பெர்க் குன்றில் உள்ள முகாம்தான் அதன் வீடு.

பெல்ஜிய பட்டாலியனுக்குள் ஒரு லக்சம்பர்க் பிரிவு என்ற அந்த ஏற்பாட்டைக் கவனித்தீர்களா? எழுபது ஆண்டுகளாக அவர்கள் செய்வது அதையேதான். நம் ஊரில் பங்குக் கிணறு இருக்கும். தனியாகக் கிணறு வெட்ட வசதியில்லாத, அல்லது வெட்டினாலும் அதற்கேற்ற நிலமில்லாத விவசாயி நான்கு பேரோடு பங்கு போட்டு, முறைவைத்துத் தண்ணீர் இறைத்துக்கொள்வார். லக்சம்பர்க்கின் பாதுகாப்புக் கொள்கை ஏறக்குறைய பங்குக் கிணறுதான். வித்தியாசம், இந்த விவசாயியிடம் காசு நிறைய உண்டு, நிலம்தான் இல்லை.

வானத்தில் எரிபொருள் நிரப்பும் விமானங்களை எடுத்துக்கொள்வோம். 2016-இல் நெதர்லாந்தும் லக்சம்பர்க்கும் சேர்ந்து இந்தப் பங்கைத் தொடங்கின. பிறகு நார்வே, ஜெர்மனி, பெல்ஜியம், செக் குடியரசு என்று ஆள் சேர்ந்தது. ஏர்பஸ் 330 வகையைச் சேர்ந்த அந்த விமானங்கள் நெதர்லாந்தின் ஐந்தோவனில் நிற்கின்றன, சொந்தக்காரர் நேட்டோ. உறுப்பு நாடுகள் வாங்குவது விமானத்தை அல்ல, பறக்கும் மணிநேரத்தை. லக்சம்பர்க் முதலில் ஆண்டுக்கு 200 மணிநேரம் வாங்கியது. 2020-இல் அதை 1,200 ஆக உயர்த்தியது. எரிபொருள் நிரப்பிக்கொள்ள அதனிடம் ஒரு போர் விமானம்கூட இல்லை! அப்புறம் எதற்கு 1,200 மணிநேரம்? ஐரோப்பாவில் பல காலமாக இந்த வகை விமானங்களுக்குப் பஞ்சம். அமெரிக்காவை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. சிப்பாய் கொடுக்க முடியாத நாடு, எல்லோருக்கும் குறைவாக இருக்கும் பொருளுக்குப் பணம் கட்டித் தன் பங்கைத் தீர்க்கிறது. இதை ஓசியில் வாழ்வது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரக்கு விமானத்திலும் அப்படியே. ஏ400எம் ஒன்றை, ஒன்றே ஒன்றை, லக்சம்பர்க் வாங்கியது. ஒப்பந்தம் 2003-இல், விமானம் கைக்கு வந்தது 2020 அக்டோபரில். தயாரிப்பாளர்களின் தாமதம் அப்படி. அந்த ஒற்றை விமானத்துக்குத் தனித் தளமும் தனிப் பராமரிப்பும் வைப்பது ஒரு மாட்டுக்குத் தொழுவமும் பால்பண்ணையும் கட்டுவது போலாகும். ஆகவே பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் உள்ள மெல்ஸ்புரூக் தளத்தில், பெல்ஜியத்தின் ஏழு விமானங்களோடு எட்டாவதாக அதை நிறுத்தி, இரு நாட்டு ஊழியர்களும் கலந்த பிரிவாக இயக்குகிறார்கள்.

வான்காவலுக்கு இந்தப் பங்குகூடத் தேவைப்படவில்லை. 2017 ஜனவரியிலிருந்து பெனலக்ஸ் நாடுகளான பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூன்றின் வானத்தையும் முதல் இரண்டும் மாறி மாறிக் காவல் காக்கின்றன. அடையாளம் தெரியாத விமானம் லக்சம்பர்க் மேல் வந்தால் எழும்புவது பெல்ஜியத்தின் அல்லது நெதர்லாந்தின் போர் விமானம்தான். உங்கள் குற்றச்சாட்டு முழுதாகப் பொருந்துகிற இடம் இது. இதை நான் மறுக்கப் போவதில்லை.

இப்போது இதற்கு நேர்மாறான காட்சி. ஜெர்மனியின் கைலன்கிர்ஷன் தளத்தில், முதுகில் பெரிய தட்டு போன்ற ரேடாரைச் சுமந்து நிற்கும் ஈ-3ஏ விமானங்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பறப்பதைக் கண்டுபிடிக்கும் நேட்டோவின் கண்கள் அவை. விமானத்தின் வால் பக்கம் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். எல்எக்ஸ்-என் என்று தொடங்கும் பதிவு எண். கூடவே, பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிவப்புச் சிங்கம். எல்எக்ஸ் என்றால் லக்சம்பர்க். விமானம் எதுவானாலும் ஏதாவது ஒரு நாட்டில் பதிவாகியிருக்க வேண்டும். நேட்டோ ஒரு நாடு அல்ல. தனக்கென விமானப்படை இல்லாத லக்சம்பர்க் தன் பெயரைக் கொடுத்தது. ஆக, காகிதத்தில் பார்த்தால் ஒரு போர் விமானமும் இல்லாத நாட்டின் பெயரில், பெரிய நாடுகள் பலவற்றிடம் இல்லாத முன்னெச்சரிக்கை விமானத் தொகுதியே இருக்கிறது. ஓட்டுகிறவர்கள் பல நாட்டவர். சிங்கம் மட்டும் லக்சம்பர்க்கினுடையது.

தரையிலும் இப்படி இடம் கொடுத்துச் செய்யும் உதவிகள் உண்டு. பிரான்ஸ் 1966-இல் நேட்டோவின் ராணுவக் கட்டமைப்பிலிருந்து விலகியபோது அங்கிருந்த பராமரிப்பு, உதிரிபாக முகமைக்கு வேறு வீடு தேவைப்பட்டது. லக்சம்பர்க்கின் கப்பெலன் ஊர் அந்த வீடானது. இன்று அது நேட்டோவின் கொள்முதல் முகமை. கூட்டணி நாடுகள் சேர்ந்து வாங்கும் ஏராளமான ஆயுதங்களும் சேவைகளும் அந்தச் சிற்றூரின் மேசைகளைத் தாண்டித்தான் போகின்றன. சானெம், டூடலான்ஷ் ஆகிய ஊர்களில் அமெரிக்க விமானப்படைக்கான கிடங்குகளும் இருக்கின்றன. போர் வந்தால் எடுப்பதற்கென்று வண்டிகளும் தளவாடங்களும் அங்கே பராமரிக்கப்படுகின்றன.

லக்சம்பர்க் உண்மையிலேயே தன் கைத்திறமையைக் காட்டும் இடம் விண்வெளி. 1985-இல் தொடங்கப்பட்ட எஸ்இஎஸ் நிறுவனம் பெட்ஸ்டோர்ஃப் கிராமத்தில் இருந்துகொண்டு உலகின் மிகப் பெரிய செயற்கைக்கோள் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. அரசாங்கமும் அந்த நிறுவனமும் பாதிக்குப் பாதி போட்டு, ராணுவங்களுக்கும் அரசுகளுக்கும் பாதுகாப்பான தகவல்தொடர்பு தரும் கவ்சாட்-1 என்ற செயற்கைக்கோளை 2018 ஜனவரி 31-ஆம் தேதி ஏவின. தனக்கு வேண்டியது போக மிச்சத்தைக் கூட்டாளிகளுக்குக் கொடுக்கலாம், விற்கலாம். சிசிலியின் சிகோனெல்லாவிலிருந்து பறக்கும் நேட்டோவின் ஆளில்லா வேவு விமானங்களுக்கும் லக்சம்பர்க் செயற்கைக்கோள் தொடர்பு வசதி தந்திருக்கிறது. ஆயிரம் சிப்பாய் உள்ள நாட்டுக்கு இது பொருத்தமான தொழில். செயற்கைக்கோளை இயக்கப் பட்டாளம் வேண்டாம். கணக்குத் தெரிந்த சிலர் போதும்.

எல்லாம் சரியாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பூமியைப் படமெடுக்கும் வேவு செயற்கைக்கோள் ஒன்றுக்கு 2018-இல் 17 கோடி யூரோ என்று நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. இரண்டே ஆண்டில் அரசாங்கம் திரும்பி வந்து, செலவு ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்றது. செயற்கைக்கோளின் விலை ஏறவில்லை. அது அனுப்பும் படங்களை வாங்கும் தரை நிலையம், பல ஆண்டு இயக்கச் செலவு ஆகியவற்றை முதலில் சரியாக மதிப்பிடவில்லை. கார் வாங்கிவிட்டுப் பெட்ரோலை மறந்த கதை. நாடாளுமன்றத்தில் பெரிய கூச்சல் எழுந்தது. ஒரு வழியாக 2025 ஆகஸ்டில்தான் அது விண்ணுக்குப் போனது. பணம் இருக்கிறது, ஆனால் இவ்வளவு பெரிய கொள்முதலை மேய்க்க அமைச்சகத்தில் அனுபவசாலிகள் போதவில்லை என்பதே என் கணிப்பு. மறுபடியும் ஆள் பிரச்சினைதான்.

ஆள் ஏன் கிடைக்கவில்லை? குடியிருப்பவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் வெளிநாட்டவர். மீதியுள்ள இளைஞனுக்கு வங்கியும் அரசு அலுவலகமும் நல்ல சம்பளத்தோடு கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. சேற்றில் ஊர்ந்து பயிற்சி எடுக்க அவன் ஏன் வர வேண்டும்? ராணுவம் ஒரு தூண்டில் வைத்திருக்கிறது: சில ஆண்டுகள் தொண்டராகப் பணியாற்றினால் காவல்துறை, சுங்கத்துறை போன்ற அரசு வேலைகளுக்கு முன்னுரிமை. அதனால் பலருக்கு ராணுவம் ஒரு படிக்கட்டு. ஏறி முடித்ததும் இறங்கிப் போய்விடுகிறார்கள். பிற ஐரோப்பிய ஒன்றிய நாட்டவரும், லக்சம்பர்க்கில் மூன்று ஆண்டுகள் வசித்திருந்து மொழியும் தெரிந்திருந்தால் சேரலாம் என்று கதவை அகலமாக்கியிருக்கிறார்கள். அங்கே வாழும் போர்ச்சுகீசியக் குடும்பங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் புத்திசாலித்தனமான ஏற்பாடு.

உக்ரைன் போர் இந்தச் சிறிய ராணுவத்தையும் உலுக்கியது. 2022 பிப்ரவரி இறுதியில், ரஷ்யா நுழைந்த சில நாட்களிலேயே, 100 டாங்கி எதிர்ப்பு ஆயுதங்களையும் ஜீப்புகளையும் 15 கூடாரங்களையும் லக்சம்பர்க் அனுப்பியது. பெரிய நாடுகளின் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் சிறு தொகைதான். ஆனால் அதன் கிடங்கின் அளவை நினைத்துப் பார்க்க வேண்டும். மறு ஆண்டு, எஸ்தோனியாவோடு சேர்ந்து, உக்ரைன் ராணுவத்துக்குத் தகவல் தொழில்நுட்ப வசதி அளிக்கும் நாடுகளின் குழுவுக்குத் தலைமை ஏற்றது. எங்கே தன் கை ஓங்கியிருக்கிறதோ அங்கே போய் நிற்கிறார்கள். லிதுவேனியாவில் ஜெர்மனி தலைமையிலான நேட்டோ படையிலும் ருமேனியாவில் பிரான்ஸ் தலைமையிலான படையிலும் லக்சம்பர்க் சிப்பாய்களின் சிறு குழுக்கள் பணியாற்றியிருக்கின்றன. எண்ணிக்கையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் போய் நிற்பவனின் தாய்க்கு அது ஒரு எண் அல்ல.

வரப்போகும் சுமை இதைவிடப் பெரியது. 2025 ஜூனில் ஹேக் நகரில் நேட்டோ நாடுகள் 2035-க்குள் ராணுவத்துக்கென 3.5 சதவீதம், அதோடு தொடர்புடைய பிற செலவுகளுக்கு 1.5 சதவீதம் என்று ஒப்புக்கொண்டன. தேசிய வருமானம் இன்றைய அளவிலேயே நின்றாலும் 3.5 சதவீதம் என்றால் லக்சம்பர்க் ஆண்டுக்கு 200 கோடி யூரோவுக்கு மேல் கொட்ட வேண்டும். விமான மணிநேரம், செயற்கைக்கோள், உக்ரைன் உதவி என்று எவ்வளவுதான் வாங்கிக் குவிப்பது? ஒரு கட்டத்தில் கூட்டாளிகள் "காசு போதும், ஆளை அனுப்பு" என்பார்கள்.

அந்தக் கேள்விக்கு விடையாக அவர்கள் தயாரித்து வைத்திருப்பது பெல்ஜியத்தோடு சேர்ந்த ஒரு பட்டாலியன். வேவுப் போர்ப்பணிக்கானது, இரு நாட்டவரும் ஒரே சீட்டில் பெயர் எழுதிக்கொள்ளும் கலப்புப் படை, சுமார் 700 பேர், 2030-ஐ ஒட்டிக் களத்துக்குத் தயாராக வேண்டும். 2024-இல் லக்சம்பர்க் நாடாளுமன்றம் இதற்காக சுமார் 260 கோடி யூரோவுக்கு ஒப்புதல் தந்தது. அந்த நாட்டு வரலாற்றில் இந்த அளவு ராணுவச் செலவுக்கு முன்மாதிரி இல்லை. வண்டிகள் பிரெஞ்சு வகை. பெல்ஜியம் ஏற்கெனவே அதே வண்டிகளை வாங்குவதால் உதிரிபாகமும் பயிற்சியும் பொதுவாகிவிடும்.

முகாம்களில் ஒன்று டீகிர்ஷில், மற்றொன்று பெல்ஜியத்தின் ஆர்லோனில். ஆர்லோன், பெல்ஜியத்தின் லக்சம்பர்க் மாகாணத்துக்குத் தலைநகர். பெயர்க் குழப்பம் தற்செயலானது அல்ல. 1839-இல் நாட்டைப் பிரித்து மேற்குப் பாதியைப் பெல்ஜியத்துக்குக் கொடுக்கும்வரை ஆர்லோனும் டீகிர்ஷும் ஒரே கிராண்ட் டச்சியில் இருந்த ஊர்கள். ஆர்லோன் பக்கத்துக் கிராமங்களில் வயதானவர்கள் சிலர் இன்னும் லக்சம்பர்க் மொழி பேசுகிறார்கள். அந்தப் பழைய எல்லைக்குள் மறுபடியும் ஒரு படை கூடப்போகிறது. அதற்கு வண்டியும் பணமும் தயார். இரண்டு நாட்டு ஆள்சேர்ப்பு அலுவலகங்களும் இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கின்றன.